கடல் இருந்த இடத்தில் ஒரு பூங்கா

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பாய் விரித்து உட்காரும் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன என்று? கூடாரம் அடிக்கும் புல்தரை, சைக்கிள் ஓட்டும் பாதை, சாத்தே சாப்பிடும் உணவங்காடி, பின்னால் இரையும் விரைவுச்சாலை, அதற்கும் அப்பால் உயர்ந்து நிற்கும் மரின் பரேட் அடுக்குமாடி வீடுகள் எல்லாமே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில்தான் நிற்கின்றன.

சிங்கப்பூரின் ஆகப் பெரிய பூங்கா இது. 185 ஹெக்டர் பரப்பு, 15 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கரை. நுழைவுக் கட்டணம் இல்லை. வீட்டுக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு தெரியும் ஊரில், கண்ணுக்கு எட்டியவரை எதுவும் மறைக்காமல் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இந்தக் கரை.

வரும் ஆண்டுகளில் இந்தக் கரை மீண்டும் மாறப்போகிறது. இன்று நாம் பார்க்கும் கடல் நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஒரு நீர்த்தேக்கமாக இருக்கலாம். அதனால் அடுத்த விடுமுறை நாளில் இந்தப் பூங்காவுக்குப் போகும்போது, சற்று வேறு கண்ணோடு பார்த்துவிட்டு வரலாம்.

மலையை வெட்டிக் கடலில் கொட்டிய கதை

அந்நாளில் காத்தோங், சிக்லாப், பிடோக் வட்டாரங்களில் கடல் வீட்டு வாசல்வரை வந்தது. வசதி படைத்தவர்களின் பங்களாக்களிலிருந்து கடலுக்குள் இறங்கப் படிக்கட்டுகள் இருந்தன. அவற்றுக்கு இடையில் தென்னை மரங்களும் மீனவர்களின் கம்பத்து வீடுகளும். இன்று ஆம்பர் ரோட்டில் இருக்கும் சீன நீச்சல் மன்றம்கூட அன்று கடலோரத்தில் இருந்ததுதான். இப்போது அதன் வாசலில் நின்றால் கடல் தெரியாது.

விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1966ல், கிழக்குக் கரை நில மீட்புத் திட்டம் தொடங்கியது. பணியைக் கவனித்தது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். பெருகிவந்த மக்களுக்கு வீடு கட்ட இடம் வேண்டும், இடமோ இல்லை. சிக்லாப், பிடோக் பகுதிகளில் இருந்த குன்றுகளை இராட்சத எந்திரங்கள் வெட்டின. வெட்டிய மண் நீண்ட வார்ப்பட்டைகளில் ஏறிக் கரைவரை பயணம் செய்து கடலில் கொட்டப்பட்டது. ஒரு பக்கம் குன்று தேய்ந்தது, மறுபக்கம் கரை நகர்ந்தது.

ஏழு கட்டங்களாக, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த அந்தப் பணி முடிந்தபோது 1,525 ஹெக்டர் புதிய நிலம் கிடைத்திருந்தது. அதில் ஒரு பகுதிதான் மரின் பரேட். முழுக்க முழுக்கத் தூர்த்த நிலத்தில் எழுந்த முதல் வீவக பேட்டை அது. சாங்கி விமான நிலையம் 1981ல் இயங்கத் தொடங்கியபோது, அதை நகரத்தோடு இணைத்த ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலையும் இந்தப் புதிய நிலத்தில்தான் போடப்பட்டது.

புதிய நிலத்தின் ஓரத்தை அலை அரித்துக்கொண்டு போகாமல் காக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கரை நெடுகிலும் இடைவெளி விட்டுக் கருங்கல் திட்டுகளை அமைத்தார்கள். இரண்டு திட்டுகளுக்கு இடையில் அலைகள் மணலைக் குடைந்து குடைந்து, பிறை நிலா போன்ற குட்டி விரிகுடாக்களை உண்டாக்கின. பிள்ளைகள் மணல்வீடு கட்டும் அந்த வளைவான கடற்கரைகள் மனிதரும் அலையும் சேர்ந்து செய்தவை. அடுத்த முறை ஒரு கல் திட்டின் அருகே நின்று இரு பக்கமும் பாருங்கள். பிறை வடிவம் தெளிவாகத் தெரியும்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. கரை தள்ளிப் போனதும் கரையோரக் கம்பங்களின் வாழ்க்கை முறையும் போனது. வாசலில் படகு கட்டியவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் நல்ல கழிவறையும் கிடைத்தன. கடலோடு இருந்த அன்றாட உறவு அறுந்தது. அதை இழந்தவர்கள் பலர் இன்று தாத்தா பாட்டிகளாக நம் பேட்டைகளில்தான் இருக்கிறார்கள். பிடோக்கிலோ சிக்லாப்பிலோ வளர்ந்த பெரியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், பழைய கரை எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிச் சாலைக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டுவார்.

பழைய கரையைத் தேடி ஒரு நடை

பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்வதைவிடக் கால்களால் புரியவைப்பது எளிது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் நான்காம் கட்டம் 2024 ஜூன் 23ஆம் தேதி திறக்கப்பட்ட பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது.

முதலில் காத்தோங் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். அருகிலேயே காத்தோங் பூங்கா இருக்கிறது. 1879ல் பிரிட்டிஷார் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் எச்சங்கள் இந்தப் பூங்காவின் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. 2004ல் தொல்லியல் ஆய்வாளர்கள் இங்கே அகழ்ந்து அதன் சுவர்களை வெளிக்கொணர்ந்தார்கள். கடல் வழியே வரும் எதிரிக் கப்பலைச் சுடக் கட்டிய கோட்டை இது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். “கடல் எங்கே?” என்று அவர்களே கேட்பார்கள்.

அடுத்து, காத்தோங்கின் சிலோன் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில். 1850களில் ஒரு குளக்கரையில், செண்பக மரத்தடியில் விநாயகர் சிலை ஒன்று கண்டெடுக்கப்பட்டதாகவும், இலங்கைத் தமிழர் ஒருவர் அங்கே சிறு கோயில் எழுப்பியதாகவும் கோயில் வரலாறு சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சேதமடைந்து மீண்டும் எழுந்த கோயில் அது. அதை நிர்வகித்துவருவது சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம். அந்நாளில் இங்கே சாமி கும்பிட்டுவிட்டுச் சற்றுத் தூரம் தெற்கே நடந்தால் கடற்கரை வந்துவிடும். இன்று அதே திசையில் நடந்தால் கடைத்தொகுதிகள், வீவக வீடுகள், சாலைகள், விரைவுச்சாலை என்று ஒவ்வொன்றாகக் கடந்த பிறகே கடல்.

பூங்காவுக்குள் நுழைய மரின் டெரஸ், சிக்லாப் நிலையங்கள் வசதி. விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதைகள் வழியே நடக்கலாம். கிழக்கு முனையிலுள்ள படகுத்துறைப் பக்கம் போக நினைப்பவர்கள் பேஷோர் நிலையத்தில் இறங்கலாம். முன்பெல்லாம் கார் இல்லாத குடும்பம் இந்தப் பூங்காவுக்கு வருவதென்றால் பேருந்து மாறி, நீண்ட தூரம் நடந்து, பிள்ளைகளையும் சாப்பாட்டுப் பையையும் சுமந்து சேர வேண்டும். ரயில் வந்தது அந்தச் சுமையைப் பாதியாகக் குறைத்திருக்கிறது.

யாருக்கு எது பிடிக்கும்?

சிறு பிள்ளைகள் இருந்தால் கோஸ்டல் பிளேகுரோவ் பக்கம் போகலாம். 1970களிலும் 80களிலும் வளர்ந்தவர்களுக்கு ‘பிக் ஸ்பிளாஷ்’ நீர்ச்சறுக்கு நினைவிருக்கும். வானவில் நிறங்களில் உயரத்திலிருந்து வழுக்கி இறங்கும் அந்தச் சறுக்குகள் பல தமிழ்க் குடும்பங்களின் பழைய படத்தொகுப்புகளில் இருக்கின்றன. அந்த இடத்தில்தான் 2021ல், 4.5 ஹெக்டர் பரப்பில் இந்தப் புதிய விளையாட்டு இடம் திறக்கப்பட்டது. 16 மீட்டர் உயர விளையாட்டுக் கோபுரமும் தண்ணீர் விளையாட்டுப் பகுதியும் உண்டு. மாற்றுடை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.

சைக்கிள் பிரியர்களுக்கு இந்தப் பூங்கா ஒரு வரம். வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும் கடைகள் பல இருக்கின்றன. நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் தனித்தனிப் பாதைகள். சைக்கிள் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். கிழக்கே ஓட்டிக்கொண்டே போனால் பூங்கா இணைப்புப் பாதை சாங்கி விமான நிலையம்வரை கொண்டுபோய்விடும். வழியில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு டைனோசர் உருவங்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகளைக் கால் வலிக்காமல் கூட்டிப் போக இதைவிட நல்ல உபாயம் இல்லை.

ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புபவர்களுக்கு பிடோக் படகுத்துறை. 250 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீளும் இந்தத் துறை 1966ல் ஒரு தனியார் வணிகரால் கட்டப்பட்டது. வியட்னாம் போரில் பயன்படுத்திய பழைய இராணுவ வாகனங்களைப் பழைய இரும்புக்காகக் கப்பலிலிருந்து இறக்குவதற்கு அது தேவைப்பட்டது. போர் வண்டிகள் இறங்கிய துறையில் இன்று தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். வாளியில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள்.

துறையின் முனையில் நின்றால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் அடிவானம் நெடுகத் தெரியும். சிங்கப்பூர் எதனால் பிழைக்கிறது என்பதைப் பாடநூலைவிட அந்தக் காட்சி நன்றாகச் சொல்லும். இருட்டிய பிறகு அந்தக் கப்பல்களின் விளக்குகள் கடலுக்குள் இன்னொரு நகரம் இருப்பதுபோல் மின்னும்.

பசித்தால் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையம். கடற்காற்றில் உட்கார்ந்து சாப்பிடும் உணவங்காடிகள் நம் ஊரில் அதிகம் இல்லை. வாழை இலையில் சம்பால் தடவிச் சுட்ட திருக்கை மீன், சாத்தே, சுட்ட கோழி இறக்கை, தொண்டையை நனைக்கக் கரும்புச்சாறு. வார இறுதி மாலைகளில் மேசை பிடிப்பது பெரும்பாடு. ஐந்தரை மணிக்குள் போய்விடுவது நல்லது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு வந்து மர நிழலில் சாப்பிடலாம். மைனாக்களும் காக்கைகளும் கேட்காமலேயே பங்குக்கு வரும். உணவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

புன்னையும் அடும்பும்

பள்ளியில் சங்க இலக்கியம் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இந்தப் பூங்காவில் ஒரு வேலை கொடுக்கலாம். நெய்தல் திணைப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் புன்னை மரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தடித்த பளபளப்பான இலை, வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், கோலிக்குண்டு போன்ற பச்சைக் காய். மலாயில் ‘பெனாகா லாவுட்’ என்பார்கள். மணலில் படர்ந்து ஊதா நிறப் பூ பூக்கும் கொடி தென்பட்டால், அது அடும்பு. ஆட்டின் குளம்புபோல் பிளந்த இலை அதன் அடையாளம்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பாடல்களில் வரும் செடிகள் சிங்கப்பூரில் எப்படி என்று பிள்ளைகள் வியப்பார்கள். இவை வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில் இயல்பாக வளர்பவை. புன்னையின் காய்கூட நீரில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கக் கூடியது. நம் முன்னோர் கப்பலேறி வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களின் இலக்கியத்து மரம் இந்தக் கரைகளில் நின்றது.

மரங்கள் மட்டும் அல்ல. அருகிவரும் இனமான அழுங்காமை இந்தக் கரையில் ஏறி முட்டையிட்டது பலமுறை பதிவாகியிருக்கிறது. குன்றை வெட்டிக் கொட்டிச் செய்த செயற்கைக் கரையை ஆமைகள் தங்கள் கரையாக ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆமையையோ குஞ்சுகளையோ பார்க்க நேர்ந்தால் தள்ளியே நில்லுங்கள், சத்தம் போடாதீர்கள், படம் எடுக்க விளக்கு அடிக்காதீர்கள், தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

கரை கறுத்த நாள்கள்

இந்தக் கடற்கரை எவ்வளவு எளிதில் காயப்படும் என்பதை 2024 ஜூன் மாதம் காட்டியது. அம்மாதம் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் மண்வாரிக் கப்பல் ஒன்று, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த எரிபொருள் கப்பல்மீது மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. நீரோட்டம் அதைச் செந்தோசா, லாப்ரடார், தென்தீவுகள் என்று பரப்பி ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. மணல் கறுத்தது. கடற்கரைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன.

அப்போது கையுறையும் சாக்குப்பையுமாக உதவ முன்வந்த தொண்டூழியர்கள் பலர். சாதாரண நாளில் பந்து விளையாட வரும் கரைக்கு அவர்கள் அன்று வேறொரு வேலையாக வந்தார்கள். இந்தக் கரையைப் பொதுச்சொத்தாக மட்டுமல்லாமல் சொந்தச் சொத்தாக நினைப்பவர்கள் எத்தனை பேர் என்பது அந்த நாள்களில் தெரிந்தது.

கடலுக்கு முன்னால் இன்னொரு நிலம்

எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடலாம். கடல் மட்டம் உயர்வதை அப்படிச் செய்ய முடியாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கரிம வெளியீடு கட்டுப்படாவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கே கடல் மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கூறுகிறது. கிழக்குக் கரை தாழ்வான பகுதி. உயர் அலையும் புயல் மழையும் ஒன்றாக வந்தால் மரின் பரேட், காத்தோங் வட்டாரங்கள் பாதிக்கப்படலாம்.

இதற்குத் தீர்வாக அரசாங்கம் முன்வைத்திருப்பது ‘லாங் ஐலண்ட்’ திட்டம். 2023 நவம்பரில் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ அதன் விவரங்களை அறிவித்தார். மரினா ஈஸ்ட்டிலிருந்து தானா மேராவரை, கரைக்குச் சற்று அப்பால், சுமார் 800 ஹெக்டர் நிலம் உயரமாக மீட்கப்படும். மரினா பேயைப்போல் இரண்டு மடங்கு பரப்பு. புதிய நிலத்துக்கும் இன்றைய கரைக்கும் இடையே அகப்படும் கடல்நீர்ப் பரப்பு, காலப்போக்கில் நன்னீர்த் தேக்கமாகும். அது நாட்டின் 18வது நீர்த்தேக்கமாக இருக்கும். புதிய நிலத்தில் வீடுகளோடு 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்முகப் பூங்காக்களும் வரும் என்று சொல்லப்பட்டுள்ளது.

இன்னொரு வழியும் பரிசீலிக்கப்பட்டது. கரை நெடுகிலும் மூன்று மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் எழுப்புவது அது. அப்படிச் செய்தால் கடற்கரைக்கு இறங்குவதே சிரமமாகிவிடும், பூங்காவில் உட்கார்ந்தால் சுவர்தான் தெரியும் என்பதால் அது விரும்பத்தக்கதாக இல்லை.

லாங் ஐலண்ட்டிலும் இழப்பு இருக்கிறது. இன்றைய பூங்காவின் எதிரே விரியும் திறந்த கடல் அமைதியான ஏரியாகும். அலைச் சத்தம் இருக்காது. உப்புக்காற்று குறையும். கல் திட்டுகளில் ஒட்டி வளரும் பவளங்களும் கடற்புல்லும் முட்டையிட வரும் ஆமைகளும் என்னவாகும் என்ற கேள்வியை இயற்கை ஆர்வலர்கள் எழுப்பியிருக்கிறார்கள். கட்டுமானம் தொடங்குவதற்கு முன் பொறியியல், சுற்றுச்சூழல் தாக்கம் பற்றி ஆராயும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆய்வுகள் 2024ல் தொடங்கின. பொதுமக்களின் கருத்துகளையும் நகர மறுசீரமைப்பு ஆணையம் கேட்டுவருகிறது.

1966ல் கரையைத் தள்ளியபோது கம்பத்து மக்களிடம் யாரும் கருத்துப் படிவம் கொடுக்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். இந்தப் பூங்காவைப் பயன்படுத்தும் தமிழ்க் குடும்பங்கள், இளையர்கள், வார இறுதியில் ஓட வருபவர்கள், தூண்டில் போடும் பெரியவர்கள் எல்லாரும் தங்களுக்கு இங்கே எது முக்கியம் என்று சொல்ல வேண்டிய நேரம் இது. சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்குக் கடற்கரைவரை போகப் பாதை வேண்டுமா? பிள்ளைகள் கால் நனைக்க மணற்கரை வேண்டுமா? இலவசமாகக் கூடி உட்காரப் புல்வெளி வேண்டுமா? சொல்லாதவர்களின் விருப்பத்தைத் திட்டக்காரர்கள் ஊகிக்க முடியாது.

கிளம்பும் முன்

காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்து மணிக்குப் பிறகோ போவது நல்லது. இடி மின்னல் தொடங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்லுங்கள். ஆண்டின் நடுப்பகுதியில் விடியற்காலைகளில் ‘சுமத்ரா’ புயல்காற்று திடீரென வீசக்கூடும். கூடாரத்தில் இரவு தங்க அனுமதி பெற வேண்டும். அதற்கு ‘டி’, ‘ஜி’ பகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. சுட்டுச் சாப்பிடும் அடுப்புகளுக்கும் முன்பதிவு தேவை. தேசியப் பூங்காக் கழக இணையத்தளத்தில் விவரங்களைச் சரிபார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

தண்ணீர்ப் புட்டி, தொப்பி, பாய், குப்பைக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். பழைய கரையை நேரில் பார்த்த தலைமுறைக்கு வயதாகிவருகிறது. அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் அந்த மணலில் நின்றே கேட்கட்டும்.